பாதியில் நின்ற வீடு: வேலூர், ராணிப்பேட்டை பக்கத்துச் சரக்கு தேறுமா?

முதலிலேயே மார்க்கைப் போட்டுவிடலாம். வெறும் மனை விலைக்குக் கிடைக்கிற பாதிக் கட்டடத்துக்கு ஐந்துக்கு நான்கு. "மனை இவ்வளவு, எழுப்பியிருக்கிற கட்டடம் இவ்வளவு" என்று பிரித்து விலை சொன்னால் ஐந்துக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் பேரம்.

வேலூரைச் சுற்றி இந்தச் சரக்கு மூன்று விதமாக வருகிறது. லேஅவுட்டுக்குள் வரிசையாகத் தொடங்கி, கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல் மட்டத்திலோ தளம் போட்டதோடோ விட்டுப்போன தனி வீடுகள் ஒன்று. பில்லரும் தளமுமாக எலும்புக்கூடாக நிற்கிற அபார்ட்மென்ட் இன்னொன்று. கடன் கட்டாததால் இவற்றில் ஏதாவதொன்றை வங்கி ஏலத்தில் விடுவது மூன்றாவது. காட்பாடியில் விஐடி, ஊருக்குள் சிஎம்சி, ரத்தினகிரி பக்கம் சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம், பனப்பாக்கம் சிப்காட் என்று குடிவர ஆள் இருப்பது உண்மைதான். அந்த உண்மையை விலையில் ஏற்கெனவே ஏற்றித்தான் விற்கிறார்கள். விளம்பரத்தில் அப்துல்லாபுரம் விமான நிலையத்தைக் காட்டினால், அந்தப் பத்தியை மடித்து வைத்துவிட்டுப் பத்திரத்தைப் படியுங்கள்.

மூன்றில் ஏலச் சரக்குதான் பார்க்க மலிவு. பொதுத்துறை வங்கிகளின் சொத்துகள் பேங்க்நெட் தளத்தில் வருகின்றன. நாளிதழ் அறிவிப்பும் உண்டு. அறிவிப்பில் சர்வே எண், நான்கெல்லை, அளவு, குறைந்தபட்ச விலை எல்லாம் இருக்கும். கட்டடம் எந்த நிலையில் நிற்கிறது என்பதற்கு "உள்ளது உள்ளபடி" என்ற இரண்டே சொல்தான் பதில். அந்த இரண்டு சொல்லுக்குள் துருப்பிடித்த கம்பி, வரி பாக்கி, மின் பாக்கி, உள்ளே குடியிருப்பவர் எல்லாம் அடக்கம்.

பணம் கட்டும் கெடுவை மனப்பாடமே செய்துகொள்ள வேண்டும். ஏலத்தில் கலந்துகொள்ள முதலில் கட்டும் முன்வைப்புத் தொகை வழக்கமாகப் பத்து சதவீதம். ஏலம் உங்கள் பெயரில் முடிந்தால், அதையும் சேர்த்து 25 சதவீதம் அன்றே, தவறினால் அடுத்த வேலை நாளுக்குள். மீதி 75 சதவீதம் விற்பனை உறுதியான 15 நாளுக்குள். வங்கி எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு நீளும். அதுவும் மூன்று மாதத்தைத் தாண்டாது. கட்டத் தவறினால் அந்த 25 சதவீதம் போனது போனதுதான். "வங்கிக்கு நஷ்டமே இல்லையே, திருப்பித் தரலாமே" என்ற வாதத்தை, தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பாதிக் கட்டடத்துக்கு 15 நாளில் வீட்டுக் கடன் வாங்குவது நடக்கிற காரியமில்லை. மதிப்பீட்டாளர் அனுமதி வரைபடத்தைக் கேட்பார், அது பழைய உரிமையாளரிடம் இருக்கும், அவர் போனை எடுக்க மாட்டார். முழுத் தொகையும் கையில் இல்லாதவர் இந்தப் பக்கமே போக வேண்டாம்.

அறிவிப்பில் "சுவாதீனம்" என்ற சொல்லுக்கு முன்னால் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அடையாள சுவாதீனம் என்றால் வங்கி சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான சுவாதீனத்துக்கு, அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 14-வது பிரிவில் மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமைக் குற்றவியல் நடுவர் உத்தரவு வேண்டும். அதற்கான காத்திருப்பு உங்கள் தலையில். அடுத்ததாக, கடன் வாங்கியவர் அதே சட்டத்தின் 17-வது பிரிவில் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கிறாரா என்று வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ப்பேச்சு உதவாது.

ஏலமோ நேரடி விற்பனையோ, வில்லங்கம் பார்ப்பதில் இந்தப் பக்கத்துக்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. 1989-ல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019-ல் வேலூர் மறுபடி மூன்றானது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர். 2008-ல் வேலூர் மாநகராட்சியானது, பிறகு சத்துவாச்சாரி, காட்பாடி எல்லாம் உள்ளே வந்தன. ஒரே மனைக்குத் தாய்ப்பத்திரத்தில் ஒரு மாவட்டம், நடுப்பத்திரத்தில் இன்னொரு தாலுகா, இன்றைய பட்டாவில் மூன்றாவது பெயர் என்று இருப்பது இங்கே சகஜம். இன்றைய சார்பதிவாளர் அலுவலகத்தில் மட்டும் தேடினால் பழைய அலுவலகத்தில் பதிவான அடமானம் தெரியாமல் போகலாம். தாய்ப்பத்திரத்தில் எந்தச் சார்பதிவகத்தின் முத்திரை இருக்கிறதோ அதிலும் தேடுங்கள். சர்வே எண்ணை உட்பிரிவோடு மட்டும் போடாமல், உட்பிரிவுக்கு முந்தைய மூல எண்ணிலும் போட்டுப் பாருங்கள்.

பதிவுத்துறையின் வில்லங்கத் தளத்தைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. இலவசமாகப் பார்க்கலாம், வங்கியில் பத்திரம் ஒப்படைத்த பதிவும் அதில் வந்துவிடும். பதியாத அடமானத்துக்கு, அடமானங்களுக்கான மத்தியப் பதிவகமான செர்சாயின் இணையதளத்தில் தனியாகத் தேட வேண்டும். கட்டணம் ஒரு டீ செலவுக்குள் அடங்கும். பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு பூஜ்யம் என்று காட்டுகிற சர்வே எண்ணானால் அங்கேயே நில்லுங்கள். கோயில், வக்ஃபு, அரசு நிலம் என்று பதிவைத் தடுத்து வைத்திருக்கும் எண்களுக்கு அப்படிப் போடுவார்கள். அ-பதிவேட்டிலும் புல வரைபடத்திலும் ஏரி உள்வாய், ஓடை, வண்டிப்பாதை இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கமான வேலைதான். ஆனால் மனையைச் சித்திரையில் பார்க்காமல் ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் புரண்டபோது எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது என்று பக்கத்துப் பெட்டிக்கடையில் கேட்டால் கையை வைத்து உயரமே காட்டுவார்கள்.

அபார்ட்மென்ட் என்றால் பிரிபடாத பாகக் கணக்கு, அதாவது மொத்த மனையில் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பங்கின் கணக்கு. தமிழ்நாட்டில் பல காலமாக மனையின் பிரிபடாத பாகத்தைக் கிரயம் செய்துகொடுத்துவிட்டு, கட்டடத்துக்குத் தனியாகக் கட்டுமான ஒப்பந்தம் போடுவதே வழக்கம். அதனால் கட்டடம் எழும்பாவிட்டாலும் மனையில் பலருக்குப் பதிவான பங்கு இருக்கும். உதாரணத்துக்கு, 25 சென்ட் மனை, அதாவது 10,890 சதுர அடி. பில்டர் ஏற்கெனவே 11 பேருக்குத் தலா 545 சதுர அடி எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5,995 போய்விட்டது. பாக்கி 4,895 சதுர அடி, சென்ட் கணக்கில் பதினொன்றேகால்கூட இல்லை. ஏல அறிவிப்பிலோ விற்பனை விளம்பரத்திலோ 25 சென்ட் என்றே இருக்கும். வில்லங்கத்தை வரிவரியாக எடுத்துப் பங்குகளைக் கூட்டிப் பார்க்காமல் விலை பேசுவது, அடுத்தவர் தட்டில் இருக்கும் சோற்றுக்கும் சேர்த்துக் காசு கொடுப்பது மாதிரி. அந்தப் பதினொரு பத்திரங்கள் வங்கி அடமானத்துக்கு முந்தியவையா பிந்தியவையா, பிந்தியவை என்றால் வங்கியின் தடையின்மைச் சான்று இருக்கிறதா என்பதைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

அந்தப் பதினொரு பேரும், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவில் ஒதுக்கீடு பெற்றவர்கள். 500 சதுர மீட்டரைத் தாண்டிய மனையோ எட்டு வீட்டுக்கு மேலோ என்றால் திட்டம் பதிவாகியிருக்க வேண்டும். 2017 மே 1 அன்று நிறைவுச் சான்று இல்லாமல் நடந்துகொண்டிருந்த பழைய திட்டங்களுக்கும் இது பொருந்தும். பதிவான திட்டத்தை பில்டர் நேராக உங்களுக்குக் கைமாற்றிவிட முடியாது. 15-வது பிரிவின்படி மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்களின் எழுத்துச் சம்மதமும் ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். பதிவு காலாவதியானாலோ ரத்தானாலோ, மீதி வேலையை எடுத்துச் செய்யும் முதல் உரிமை 8-வது பிரிவில் வீட்டுக்காரர் சங்கத்துக்குத்தான். வங்கி கையகப்படுத்திவிட்டது என்பதால் இவர்கள் உரிமை அழிந்துவிடாது. வங்கிமீதே ரெராவில் புகார் கொடுக்கலாம். முழு எலும்புக்கூட்டையும் மொத்தமாக வாங்க நினைப்பவர் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது பில்டரிடம் அல்ல, இந்தப் பதினொரு பேரிடம்.

ஒரே ஒரு வீட்டை மட்டும் முதலீடாக எடுப்பவருக்கு இரண்டு வரி. ஒப்பந்தத்தைப் பதியாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமையில்லை. "முடியாவிட்டால் இவ்வளவு வட்டியோடு நானே திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று எழுதித் தருகிற திட்டம் இனிக்கும். ஆனால் அப்படி வாங்கியவர் ஊக முதலீட்டாளர், பில்டர்மேல் திவால் நடவடிக்கை தொடங்க அவருக்குத் தகுதியில்லை என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுதி உள்ளவர்களும் குறைந்தது நூறு பேரோ, திட்டத்தில் பத்து சதவீதத்தினரோ சேர்ந்துதான் போக வேண்டும்.

சரி, கட்டடத்துக்கு வருவோம். பாதிக் கட்டடத்துக்கு ஒரு நன்மை உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முடிந்த வீட்டில் பூச்சுக்கும் பெயின்டுக்கும் பின்னால் ஒளிந்திருப்பதெல்லாம் இதில் கண்ணெதிரே நிற்கிறது. பார்வையிடும் நாளில் ஏணி, டார்ச், கம்பி பிரஷ், வெர்னியர், சின்ன சுத்தியல், உளி, பினாஃப்தலீன் கரைசல் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு போனால் அரை நாளில் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பில்லர் கம்பிகளில் தொடங்குங்கள். அனுமதி கேட்டு ஒரு கம்பியில் ஒரு மீட்டர் வெட்டி, துருவைத் தேய்த்துவிட்டு எடை போடுங்கள். 16 மி.மீ. கம்பி மீட்டருக்கு 1.58 கிலோ இருக்க வேண்டும். தர நிர்ணயம் விட்டுக்கொடுப்பது ஐந்து சதவீதம், ஆக 1.50-க்குக் கீழே போனால் அந்தக் கம்பி தேறாது. 12 மி.மீ. என்றால் 0.89 கிலோ, கீழெல்லை 0.84. வெட்ட விடவில்லையென்றால் வெர்னியரோடு பில்லர் தலைக்குப் போங்கள். கம்பி அதிகம் அரிப்பது வெளியே ஆடும் பகுதியில் இல்லை, காங்கிரீட்டுக்குள் நுழையும் அந்த வளையத்தில். மழைத் தண்ணீர் அங்கேதான் தேங்கும். இரண்டு அங்குலம் கொத்திப் பார்த்தால் மேலே முழு விட்டம் இருக்கிற கம்பி உள்ளே இடுப்பு சிறுத்து நிற்பது தெரியும்.

அடுத்தது நீளம். பழைய கம்பியோடு புதுக் கம்பி சேரும் ஒட்டுக்குக் கம்பி விட்டத்தைப் போல் ஐம்பது மடங்கு வைப்பது கட்டுமான வழக்கம். 16-க்கு 800 மி.மீ., விரல் நுனியிலிருந்து ஏறக்குறைய தோள் வரை வரும். ஆளில்லாத கட்டடத்தில் இந்தக் கம்பியை யாராவது பழைய இரும்புக்கு அறுத்துக்கொண்டு போயிருப்பார்கள். ஒரு சாண்தான் மிஞ்சும். அப்போது துளை போட்டு கெமிக்கலில் புதுக் கம்பி நடுவதா, கம்பிகளை இணைக்கும் கப்ளர் போடுவதா, பில்லர் தலையை உடைத்து இறக்குவதா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல. வழியை அடைக்கிறது என்று மடக்கிவிட்ட கம்பியைத் திரும்ப நிமிர்த்தினால் மடிப்பில் வெடிப்பு விழும். அதையும் குறைக் கணக்கில் சேருங்கள். பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் கம்பியின் கொக்கி உள்பக்கமாக 135 டிகிரி மடங்கியிருக்கிறதா, வெறும் செங்கோணமா என்று பாருங்கள். இங்கே அது முக்கியம்: வேலூர் நில நடுக்க மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்ட ஊர். 2021 கடைசியில் பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் பாத்திரம் உருண்டதை அங்கிருப்பவர்கள் மறக்கவில்லை.

தளத்தின் அடிப்பக்கத்துக்கு டார்ச் அடியுங்கள். வெள்ளைப் படிவு என்றால் தண்ணீர் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்திருக்கிறது; தளவரிசை போடாமல் விட்ட எந்தத் தளத்திலும் இது வரும், சரிசெய்யலாம். கம்பி ஓடுகிற கோட்டிலேயே பழுப்புக் கறை நீளமாகத் தெரிந்தால் விஷயம் வேறு: உள்ளே துரு உப்பிக்கொண்டிருக்கிறது. சுத்தியலால் தட்டினால் பானை மாதிரி ஒலிக்கும். ஒரு மூலையைப் புதிதாக உடைத்து பினாஃப்தலீன் தெளியுங்கள். ரோஜா நிறமானால் காங்கிரீட்டின் காரம் இன்னும் கம்பியைக் காக்கிறது. நிறமே மாறாத பகுதி கம்பி வரை போயிருந்தால் காப்பு முடிந்தது. காங்கிரீட்டின் பலத்தை மேலே தட்டிப் பார்க்கும் ரீபவுண்ட் ஹாமர் ரிப்போர்ட்டை மட்டும் நீட்டுகிறவரை நம்ப வேண்டாம். காரம் போன பழைய காங்கிரீட்டின் மேல்தோல் இறுகிவிடுவதால் அந்தக் கருவி பலத்தைக் கூட்டிக் காட்டும். குறைந்தது மூன்று கோர், அதாவது துளைத்து எடுக்கும் காங்கிரீட் உருளை, எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். சராசரி, வரைபடம் கேட்ட பலத்தில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். எந்த ஒன்றும் 75-க்குக் கீழே போகக் கூடாது.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். இந்தப் பக்கத்துக்கு மட்டுமே உரிய கேள்வி, எந்தத் தண்ணீரில் காங்கிரீட் கலக்கினார்கள் என்பது. ராணிப்பேட்டை, வாலாஜா, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி: பாலாற்றோரத் தோல் பதனிடும் பகுதி. நிலத்தடி நீரில் உப்பேறிய கதை 1996-லேயே உச்ச நீதிமன்றத் தீர்ப்பாக வந்துவிட்டது. கம்பி போட்ட காங்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது காங்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456-ன் விதி. மனையிலிருக்கும் போர்வெல் தண்ணீரிலேயே கலக்கி, அதிலேயே நீராட்டியிருந்தால் உப்பு காங்கிரீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். பூச்சு இல்லாமல் பல மழையில் நனைந்து காய்ந்த பில்லருக்கு அது மெல்லக் கொல்லும் விஷம். பினாஃப்தலீன் இதைக் காட்டாது. ரோஜா நிறத்தோடேயே உள்ளே கம்பி அரித்துக்கொண்டிருக்கும். போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து குடிநீர் வடிகால் வாரியத்தின் சோதனைக் கூடத்தில் கொடுங்கள். எல்லையைத் தாண்டினால், பில்லரில் துளையிட்டு வரும் தூளை எடுத்துக் குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். கனமீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டினால் அந்த எலும்புக்கூட்டின் மதிப்பு பூஜ்யம்கூட இல்லை. இடித்து அள்ளும் செலவு மனை விலையிலிருந்து கழிய வேண்டும்.

மற்றவை சில்லறை. மேல் இரண்டு மூன்று வரிச் செங்கல் ஆடும், பிரித்துக் கட்டுங்கள். சுவரில் அரசங்கன்று இருந்தால் வேரோடு எடுக்காமல் பூசக் கூடாது. அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் குழியாகத் திறந்து கிடந்தால் அந்தப் பில்லருக்குத் தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள். மூலையில் அடுக்கியிருக்கும் பழைய சிமென்ட் மூட்டைகளை "இதுவும் சேர்த்துத்தான்" என்று தாராளமாகக் கொடுப்பார்கள். வாசல் மண்ணை மேடாக்க உதவும்.

விலைக்கு ஒரு கணக்கு. மூன்று சென்ட் மனை, 1,200 சதுர அடியில் தளம் போட்டு நிற்கிற வீடு. இன்றைக்குப் புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,400 என்று வைத்தால் மொத்தம் 28 லட்சத்து 80 ஆயிரம். கூரை ஏறிவிட்டதால் முக்கால் வேலை முடிந்த மாதிரி கண்ணுக்குத் தெரியும். பாதிதான் முடிந்திருக்கிறது, பூச்சு, தரை, கதவு, ஒயரிங், பிளம்பிங், பெயின்ட், தண்ணீர்த் தொட்டி எல்லாம் மறு பாதி. விற்பவர் அந்த 14 லட்சத்து 40 ஆயிரத்தை அப்படியே கேட்பார். அதிலிருந்து சோதனைச் செலவு, கம்பி ஒட்டு வேலை, தளக் கசிவு, காலாவதியான அனுமதியைப் புதுப்பிப்பது, பழைய கொத்தனார் விட்ட வேலையைத் தொடப் புதுக் கொத்தனார் கேட்கும் கூடுதல் கூலி எல்லாவற்றையும் கழியுங்கள். மிஞ்சுவது பெரும்பாலும் அஸ்திவாரத்தின் மதிப்புதான். சோதனையில் எல்லாம் தேறினால் அதைக் கொடுக்கலாம். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

கட்டுமானத்துக்கென்று வாங்கிய தற்காலிக மின் இணைப்பில் பாக்கி இருக்கும். புது இணைப்பு கேட்கப் போகும்போது அதை உங்களிடம் கேட்பார்கள்; கேட்க வாரியத்துக்கு விதி இருந்தால் கேட்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காலிமனை வரியும் அப்படியே. பெரிய அபார்ட்மென்டுக்கு நிறைவுச் சான்று இல்லாமல் நிரந்தர இணைப்பு கிடைக்காது, அனுமதி வரைபடத்துக்கு மேல் ஒரு தளம் ஏற்றியிருந்தால் நிறைவுச் சான்று கிடைக்காது. தளங்களை எண்ணி வரைபடத்தோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் போட்ட மேஸ்திரியைத் தேடிப்பிடியுங்கள். பக்கத்து ஊர்க்காரராகத்தான் இருப்பார், பில்டரிடம் அவருக்கும் பாக்கி இருக்கும், அதனால் ஒளிக்க மாட்டார். எத்தனை அடி தோண்டினீர்கள், தளம் போட்டு எத்தனை நாள் தண்ணீர் கட்டினீர்கள், எங்கிருந்து தண்ணீர் எடுத்தீர்கள் என்று மூன்றே கேள்வி. "லாரித் தண்ணிக்கு யாரு சார் காசு குடுத்தாங்க, போர் தண்ணிதான், வாயில வச்சா உப்புக் கரிக்கும்" என்று அவர் சொன்னால், மனை விலையைப் பற்றி மட்டும் பேசப் போங்கள்.